பங்க்னா இனிக்குது, கானான்னா கசக்குதோ?

ஆணி புடுங்கி முடிச்சு, கோபாலபுரத்துல டீ குடிக்கறப்போ நண்பன் ஆரம்பிச்சான். ஜெர்மன் பங்க் குழு டி டோட்டன் ஹோஸன் 1982லேர்ந்து பாடறாங்களாம், அவங்க நாஜி எதிர்ப்புப் பாட்டைக் கேட்டா புல்லரிக்குதாம். சரி மச்சி, நம்மூர் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கேட்டியான்னேன்.

"பாட்டுல எதுக்குடா சாதி, அரசியல்லாம்?"

வந்துச்சு பாருங்க கோபம்!

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த 19 பேர் மேடையேறினாங்க. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து. பேரே அயோத்திதாசரோட 'சாதியற்ற தமிழர்'லேர்ந்து வந்தது. மாட்டுக்கறி, இடஒதுக்கீடுன்னு பட்டவர்த்தனமா பாடினாங்க.

மூணு கார்டு தெரிஞ்சா போதும், உன் தெருவோட கோபத்தைப் பாடுங்கறதுதானே பங்க்? 1976ல லண்டன் அலறறதுக்கு முன்னாடியே, வடசென்னை சாவு வீடுகள்ல விடிய விடிய கானா பாடினவங்களுக்கு யாரும் அந்தப் பேரைக் கொடுக்கலை, அவ்ளோதான்.

அடுத்த நாட்டுக் கோபம்னா கலை, நம்ம தெருக் கோபம்னா அரசியலா? அங்க திட்டு வாங்கறது யாரோ. இங்க திட்டு வாங்கறது நாம. அதான் உறுத்துது.

எனக்கும் உறுத்துச்சுங்க. 'கோட்டா' பாட்டைக் கேட்டப்போ, இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல நான் அடிச்ச கோட்டா ஜோக்கெல்லாம் ஞாபகம் வந்து கூசுச்சு. அன்னிக்கு அதைக் கேட்டு சிரிக்காம உக்காந்திருந்தவன் முகமும்.

டிஸ்கி: நண்பன் இன்னும் கேக்கலை. நீங்க?