யாருடைய கொழுப்பை ஆராய்கிறோம்?

2024 ஏப்ரலில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகப் பம்மல் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 26 வயது புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி: உடல்பருமனுக்கு நம்மிடம் ஏன் இவ்வளவு குறைவான வழிகள்?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழகப் பெண்களில் 40.4%, ஆண்களில் 37% பேர் மிகை எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இவர்களுக்கான மருந்தை எலிகளை மட்டும் நம்பித் தேட முடியாது. எலியின் கொழுப்புத் திசு மனிதருடையதைப் போலவே இயங்குவதில்லை. மனிதக் கொழுப்பிலிருந்து செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் முப்பரிமாணத் திசுவாக வளர்த்து ஆராய்வது மாற்று வழி. விலங்குகளைத் தவிர்க்கும் இத்தகைய சோதனைகளுக்கு 2023இல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதிகளும் இடமளிக்கின்றன.

ஆனால், அந்தச் செல்கள் யாருடையவை? புணே மருத்துவர் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் யட்கின் இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3தான், உடற்கொழுப்போ யாக்னிக்குக்கு 21.2%, யட்கினுக்கு 9.1%. 2004இல் ‘லான்செட்’ இதழில் அவர்களே எழுதியது இது. ஐரோப்பியச் செல்களில் கிடைக்கும் விடை நமக்கு முழுமையாகப் பொருந்திவிடாது.

அறுவை அரங்குகளில் கழிவாகும் கொழுப்பை, நோயாளியின் ஒப்புதலுடன் ஆய்வுக்குச் சேமிக்கும் திசு வங்கியைத் தமிழக அரசு தொடங்க வேண்டும்.