ஒரு பாதிரியாரின் பதிவேடும் இருபத்தைந்தாயிரம் பெண்களும்

சிட்னியில் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கி பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்த 1806இல், சாமுவேல் மார்ஸ்டன் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் அங்கிருந்த பெண்களுக்கு ஒரு பதிவேடு தயாரித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எழுதியது ஒன்றுதான்: மணமானவள், இல்லையேல் வைப்பாட்டி. தன் திருச்சபையில் நடந்த திருமணத்தை மட்டுமே அவர் திருமணமாக ஏற்றார். கத்தோலிக்க முறைப்படி மணந்தவர்களும், ஒரே ஆணுடன் ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர்களும் வைப்பாட்டிகளாகவே பதிவானார்கள். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அந்தக் கணக்கை லண்டனில் இருந்த பெரிய மனிதர்கள் நம்பினார்கள். அதைவிடக் கொடுமை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வரலாற்றாசிரியர்களில் பலரும் கிட்டத்தட்ட அதே கண்ணோடுதான் இந்தப் பெண்களைப் பார்த்தார்கள்.

1788க்கும் 1853க்கும் இடையே பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாகத் தீவாந்தரம் அனுப்பப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். துணி, கைக்குட்டை, கொஞ்சம் பணம், எஜமானி வீட்டுக் கரண்டி என்று எதையோ திருடியவர்கள். தண்டனை ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு, அல்லது ஆயுள். ஆனால் ஏழாண்டுக்காரிக்கும் நடைமுறையில் அது ஆயுள் தண்டனைதான். தண்டனைக் காலம் முடிந்தாலும் ஊர் திரும்ப அரசு கப்பல் தரவில்லை. ஆணாக இருந்தால் மாலுமியாக வேலை செய்து பயணக் கூலியைக் கழித்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. விட்டு வந்த பிள்ளைகளை மறுபடி பார்க்காமலே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இவர்களை அனுப்பியது தண்டிக்க மட்டுமல்ல. குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்புக்கு 1787இல் தரப்பட்ட உத்தரவிலேயே, பெண்கள் குறைவாக இருப்பதால் பசிபிக் தீவுகளிலிருந்து பெண்களைக் கொண்டுவரலாம் என்ற யோசனை இருந்தது. ஃபிலிப் அதைச் செய்யவில்லை. 1790இல் லேடி ஜூலியானா என்ற கப்பல் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகளோடு வந்து சேர்ந்தது. தருக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்த மண்ணில் ஒரு வெள்ளைக் குடியேற்றம் நிலைக்க அரசுக்குக் குடும்பங்கள் தேவைப்பட்டன. கைதிப் பெண்ணின் உடல் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. தன் தேவைக்குக் கொண்டுவந்த பெண்களையே அந்த ஆட்சி ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பழித்தது. இந்த வரலாற்றில் என்னால் மன்னிக்கவே முடியாத இடம் இதுதான்.

1788இல் கைதிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் தொகுதியில் வந்த ரால்ஃப் கிளார்க் என்ற ராணுவ அதிகாரியின் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அதில் இந்தப் பெண்களை வேசிகள் என்று ஏசுகிறார். ஊரில் விட்டு வந்த மனைவியை நினைத்து உருகுகிறார். சில ஆண்டுகளில் நார்ஃபோக் தீவில் மேரி பிரனம் என்ற கைதிப் பெண்ணுக்கு அவரால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வைத்த பெயர் அலிசியா, அவருடைய மனைவியின் பெயர்களில் ஒன்று. கிளார்க் தன் தரப்பைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். மேரி பிரனம் எழுதியதாக ஒரு வரியும் நம்மிடம் இல்லை.

குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படாதவர்களும் மறுபடி தண்டனை பெற்றவர்களும் கர்ப்பிணிகளும் ‘பெண்கள் தொழிற்சாலை’ என்ற பெயரில் இயங்கிய சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். சிட்னிக்கு அருகே பரமட்டாவிலும், வான் டீமன்ஸ் லேண்ட் தீவில் ஹோபார்ட்டின் கேஸ்கேட்ஸிலும் இருந்தவை பெரியவை. நூல் நூற்பது, துணி துவைப்பது, தைப்பது அங்கே வேலை. தலைமுடியை ஒட்ட வெட்டுவது தண்டனை. வேறு எதற்கும் இல்லாத அளவு பெண்கள் இதற்குக் கொதித்தார்கள். அனுமதி பெற்ற ஆண்கள் மனைவி தேடி பரமட்டாவுக்கு வந்தார்கள். மறுக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. ஆனால் மறுத்தவள் திரும்பிப் போக வேண்டிய இடம் அதே சிறைதான்.

அடங்கிக் கிடந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1827 அக்டோபரில் ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்தபோது பரமட்டா பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்து, கடைகளில் ரொட்டியும் இறைச்சியும் எடுத்தார்கள். அவர்களைப் பிடிக்க ராணுவம் வர வேண்டியிருந்தது.

கேஸ்கேட்ஸில் பால்குடி மறக்கும் வரைதான் குழந்தை தாயிடம். பிறகு தாய் தண்டனை வேலைக்குப் போக வேண்டும்; குழந்தை வளர்ந்ததும் நியூ டவுனில் இருந்த அனாதைப் பள்ளிக்கு. நெரிசலும் ஈரமும் நோயும் நிறைந்த அந்தச் சிறையில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1830களிலேயே ஹோபார்ட் பத்திரிகைகள் இதைக் கண்டித்து எழுதின. ஆகவே யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

கைதிக் காலத்தின் கறையைக் கழுவ, 1856இல் அந்தத் தீவின் வான் டீமன்ஸ் லேண்ட் என்ற பெயர் டாஸ்மேனியா ஆனது. குடும்பங்கள் பாட்டியின் கதையை மறைத்தன. டெபோரா ஆக்ஸ்லி 1996இல் வெளியிட்ட ‘கன்விக்ட் மெய்ட்ஸ்’ போன்ற ஆய்வுகள்தான் கப்பல் ஆவணங்களைப் பொறுமையாகப் படித்து, இவர்களில் பலர் எழுத்தறிவும் தொழில் திறனும் உள்ள சாதாரண உழைக்கும் பெண்கள் என்று காட்டின. இன்று கைதி மூதாதை இருப்பது பெருமை. பதின்மூன்று வயதில் குதிரை திருடிய குற்றத்துக்காகத் தீவாந்தரம் வந்து பெரும் வணிகரான மேரி ரெய்பியின் முகம் இருபது டாலர் நோட்டில் இருக்கிறது.

ரெய்பியைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் வெற்றி பெற்றவளை மட்டும் நினைவில் வைப்பதும் மார்ஸ்டனைப் போலப் பெண்களை இரண்டாகப் பிரிப்பதுதான். டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளில் மற்றவர்களும் இருக்கிறார்கள்: உயரம், கண்ணின் நிறம், கையில் பச்சை குத்திய காதலனின் முதலெழுத்து, பிறகு எஜமானியை எதிர்த்துப் பேசியது, இரவு வீடு திரும்பாதது, வேலை செய்ய மறுத்தது. ஆஸ்திரேலியப் பள்ளிப் பாடங்களில் ரெய்பிக்குப் பக்கத்தில் இந்தப் பதிவுகளையும் வைத்தால், எதிர்த்துப் பேசிய அந்த வேலைக்காரிக்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒரு மாணவி கேட்பாள். பெரும்பாலும் கூலியே இல்லை.