முதல் கோலுக்கே தலையில் தூக்கி வைக்காதீங்க



நம்ம பையன் ஒருத்தன் ஹாக்கியில பெரிய அணிக்குப் போனா, ‘அடுத்த தன்ராஜ் பிள்ளை’ன்னு உடனே வாட்ஸ்அப்ல சுத்த விடுறோம்.

அரியலூர் கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில, பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்துலயே கோல் போட்டார். ஒரே கொண்டாட்டம்! 2023ல சென்னையில நம்ம மலேசியாவை 4-3ன்னு வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில அவர் பெயர் இல்லை. அன்னைக்கு எத்தனை பேர் அவரை நினைச்சோம்?

தைப்பூசத்துல காவடி எடுக்கிறவரை 272 படியும் ஓடியே ஏறச் சொல்றோமா? வழி விடுறோம், தண்ணி கொடுக்குறோம். அவர் நின்னா நாமும் நிக்கிறோம். நம்ம தாமான் திடல்ல மட்டை பிடிக்கிற பிள்ளைகளுக்கும் அந்தத் துணைதான் வேணும். கோல் போட்ட அன்னைக்கு மாலை போடுங்க. பெயர் விடுபட்ட மறுநாளும் திடலுக்குக் கூட்டிட்டுப் போங்க.

வேல் வேல்! 🙏