குட்டி யானை விலை ஏறுமா?
அமெரிக்காவில் கோழியால் வந்த வரி. உத்திரமேரூரில் லாரிக் கணக்கு

உத்திரமேரூரில் விடிவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்கும்.

"குட்டி யானை" புறப்படும் சத்தம் அது!

இது காட்டு யானை அல்ல. நாலு சக்கர யானை. நெல் மூட்டை, கத்தரிக்காய் மூட்டை, பால் கேன், செங்கல், கல்யாண வீட்டு அண்டா - எதையும் சுமக்கும். காஞ்சீபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என்று நாலு திசைக்கும் ஓடும்.

2005-ம் ஆண்டில் டாடா கம்பெனி "ஏஸ்" என்ற சின்ன லாரியைக் கொண்டு வந்தது. வடநாட்டில் அதற்கு "சோட்டா ஹாத்தி" என்று பெயர். தமிழ்நாட்டில் அது குட்டி யானை ஆயிற்று. 2011-ல் அசோக் லேலண்டின் "தோஸ்த்" வந்தது. மகிந்திராவின் பிக்கப்பும் ஓடுகிறது. எந்தக் கம்பெனி வண்டியானால் என்ன? பலருக்கு எல்லாமே குட்டி யானைதான்.

இப்போது டீக்கடையில் ஒரு பேச்சு.

"அமெரிக்கா வரி போட்டுவிட்டதாமே! வண்டி விலை ஏறிவிடுமாமே! இப்போதே வாங்கிவிடலாமா?"

மனைவியின் நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி வண்டி எடுக்கிற குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

சந்தை வாசலில் சுங்கம்

இறக்குமதி வரி என்பது என்ன? சந்தை வாசலில் வாங்கும் சுங்கம் மாதிரிதான்.

வெளியூர்க் கத்தரிக்காய் கிலோ 30 ரூபாய்க்கு வருகிறது. வாசலில் கிலோவுக்கு 5 ரூபாய் சுங்கம் போடுகிறார்கள். அது 35 ரூபாய் ஆகிறது. உள்ளூர்க் கத்தரிக்காய்க்குச் சுங்கம் கிடையாது. ஆனால் உள்ளூர்க்காரர் 30 ரூபாய்க்கே விற்பாரா? மாட்டார். 34 ரூபாய் என்பார்!

சுங்கம் கட்டியவர் வெளியூர்க்காரர். பணம் கொடுத்தவர் காய் வாங்கியவர். உள்ளூர்க்காரருக்கு 4 ரூபாய் லாபம்.

கத்தரிக்காய்க்கு நடப்பதுதான் லாரிக்கும் நடக்கும்.

கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்?

லாரி வரியில் உலகப் பிரசித்தி பெற்ற கதை ஒன்று உண்டு. அது கோழியில் தொடங்கியது.

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய பெரிய கோழிப் பண்ணைகள் வந்தன. கோழிக்கறி மலிந்தது. கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. மேற்கு ஜெர்மனி மக்கள் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டார்கள். அங்குள்ள கோழிப் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றின.

அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது.

1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் பதிலுக்குப் பதில் கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி இவற்றோடு, வெளிநாட்டுச் சின்ன லாரிக்கும் 100-க்கு 25 வரி! ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி அப்போது அமெரிக்காவில் வேனும் சின்ன லாரியும் விற்று வந்தது. அதைக் குறி வைத்த அடி இது.

கோழிச் சண்டை ஓய்ந்தது. மாவுக்கும் பிராந்திக்கும் போட்ட வரி பிறகு போயிற்று. லாரி வரி மட்டும் போகவில்லை! 60 ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. அங்கே அதற்குப் பெயரே "கோழி வரி".

வரியை ஏய்க்க நடந்த வேடிக்கைகளும் உண்டு. காருக்கு அப்போது வரி மிகவும் குறைவு. அதனால் ஜப்பானின் சுபாரு கம்பெனி, சின்ன லாரியின் பின் தட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் பொருத்தி, "இது கார்" என்று அனுப்பியது. போர்டு கம்பெனி துருக்கியில் செய்த வேனில் பின் சீட்டுகளைப் போட்டு அனுப்பியது. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியதும் சீட்டுகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. இந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2024-ல் 36½ கோடி டாலர் கொடுக்க போர்டு ஒப்புக்கொண்டது.

இந்த வரியால் லாபம் யாருக்கு? அமெரிக்க லாரிக் கம்பெனிகளுக்கு. வெளிநாட்டுப் போட்டி குறைந்தது. லாரி பெருத்தது. விலையும் பெருத்தது. ஏழை விவசாயி வாங்கக்கூடிய குட்டி யானை மாதிரி ஒரு சின்ன லாரியை அங்கே ஷோரூமில் காண்பது அரிது.

இதற்கு மேல் 2025 ஏப்ரல் 3-ந் தேதி முதல் வெளிநாட்டுக் கார்களுக்கும் சின்ன லாரிகளுக்கும் அமெரிக்கா மேலும் 100-க்கு 25 வரி போட்டது. மே 3-ந் தேதி முதல் உதிரி பாகங்களுக்கும் போட்டது. டீக்கடைப் பேச்சுக்கு மூலம் இதுதான்.

நம் நாட்டிலும் நடந்தது

சுதந்திரம் வந்த புதிதில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சும் போர்டும் இந்தியாவில் வண்டி கோர்த்து விற்றன. பாகங்கள் கப்பலில் வரும். இங்கே முடுக்கிப் பூட்டுவார்கள்.

1949-ல் முழு வண்டி இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953-ல் வரிக் கமிஷன் ஒரு சிபாரிசு செய்தது: "வெறுமனே கோர்த்து விற்கிறவர்களுக்கு இடம் இல்லை. இங்கேயே செய்கிறவர்கள் இருக்கட்டும்." அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் மூட்டை கட்டின.

அதனால் நன்மை இல்லாமல் இல்லை. 1948-ல் தொடங்கி, ஆஸ்டின் கார் கோர்த்த எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, பஸ்சும் லாரியும் செய்தது. உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

ஆனால் வாங்குகிறவர் பாடு? காருக்கும் ஸ்கூட்டருக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். போட்டி இல்லாத கடையில் கடைக்காரர்தான் ராஜா.

உள்ளூரில் தொழிற்சாலையே இல்லாமல் கதவை மூடினால் இன்னும் மோசம். இலங்கையைப் பார்க்கலாம். டாலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஓடித் தேய்ந்த பழைய வண்டி, வாங்கிய விலைக்கு மேல் விற்றது! 2025 பிப்ரவரியில்தான் கதவு முழுதாகத் திறந்தது. திறந்த பிறகும் வரி கனம்.

இங்கே என்ன ஆகும்?

குட்டி யானையும் தோஸ்தும் இந்தியாவில் செய்யப்படுகின்றன. தோஸ்த் ஓசூரில் தயாராகிறது. அமெரிக்கா தன் வாசலில் போடும் வரி, இங்கே விற்கும் வண்டியின் விலையை நேராக ஏற்றாது.

இந்தியா தன் வாசலில் போடும் வரிதான் இங்கே விலையைத் தொடும். அதுவும் பின்வாசல் வழியாக.

ஒரு உதாரணம் இரும்புத் தகடு. வெளிநாட்டு மலிவு இரும்பு வந்து குவிகிறது என்று, 2025 ஏப்ரல் 21-ந் தேதி சில வகைத் தகடுகளுக்கு மத்திய சர்க்கார் 100-க்கு 12 வரி போட்டது. முதலில் 200 நாட்களுக்கு என்றார்கள். டிசம்பரில் அது மூன்று ஆண்டுக்கு ஆயிற்று. முதல் ஆண்டு 12, அடுத்து 11½, அதற்கு அடுத்து 11.

ஒரு சின்ன லாரியில் 600 கிலோ இரும்பு, கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 36,000 ரூபாய். கத்தரிக்காய்க்காரர் மாதிரி இரும்புக் கம்பெனிகள் 100-க்கு 12-ஐயும் முழுதாக ஏற்றினாலும், கூடுவது 4,320 ரூபாய்.

இதுதான் ஊரைக் கூட்டும் பயம்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று 2025 செப்டம்பர் 22-ந் தேதி நடந்தது. சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி இல்லாத விலை 6 லட்சம் என்றால், முன்பு 1,68,000 ரூபாய் வரி. இப்போது 1,08,000. மிச்சம் 60,000 ரூபாய்!

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிகள் வண்டிக்குக் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. பதிவு இல்லாத காய்கறிக்காரருக்கு அது கிடையாது. அவர் முழு வரியையும் சுமந்தவர். ஆகவே இந்தக் குறைப்பு அவருக்குத்தான் அதிகம் உதவும்.

கணக்கு கேட்பது உத்திரமேரூருக்குப் புதிது அல்ல. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டே அங்கே சாட்சி. வாரியப் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் போடக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் அது! ஷோரூமில் பில்லை வாங்கி, வண்டி விலை எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு என்று வரி வரியாகக் கேட்க அந்த ஊர்க்காரர் கூச்சப்பட வேண்டியது இல்லை.

வட்டி என்ன ஆயிற்று?

பலர் வரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வட்டியைப் பார்க்க மறக்கிறார்கள்.

6 லட்சம் ரூபாய் கடன். 48 மாதம் கட்ட வேண்டும். வட்டி 12 என்றால் மாதத் தவணை சுமார் 15,800 ரூபாய். வட்டி 14 என்றால் சுமார் 16,400 ரூபாய். வித்தியாசம் மாதம் 600 ரூபாய்க்குள்தான். "போகட்டும்" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். 48 மாதத்தில் அது 28,600 ரூபாய் ஆகிறது. இரும்பு வரியைப்போல ஆறு மடங்குக்கு மேல்!

ஆகவே, "வரி வருகிறது, விலை ஏறும்" என்ற பேச்சைக் கேட்டு, அதிக வட்டிக்கு அவசரமாக வண்டி எடுப்பது நஷ்டம்.

ஒரகடம் தும்மினால்...

அப்படியானால் அமெரிக்க வரியால் உத்திரமேரூருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அது வேறு பக்கத்திலிருந்து வரும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார், லாரி, டயர், உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அவை சரக்கு அனுப்புகின்றன. சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. அமெரிக்காவில் வரி ஏறி அங்கிருந்து ஆர்டர் குறைந்தால், இங்கே ஓவர்டைம் குறையும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் குறைவார்கள். சம்பளம் குறைந்த வீட்டில் புதுச் சுவர் எழும்பாது. செங்கல் நடை குறையும். காய்கறி நடை குறையும்.

வாடகைக்கு வண்டி காத்து நிற்கும். நாலு வண்டி நின்றால் வாடகையைக் குறைத்துக் கேட்பார்கள்.

டீசலும் டிரைவர் சம்பளமும் போக ஒரு நடைக்கு 800 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 15,800 ரூபாய்த் தவணைக்கு மாதம் 20 நடை போக வேண்டும். அதே நடைக்கு 650 ரூபாய்தான் நிற்கிறது என்றால் 25 நடை போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஓடுவது அதற்குப் பிறகுதான்.