ஃபிளாஸ்க் பால் வேண்டாம்

மே மாதம் வந்தால் தில்லித் தமிழர்களில் பலர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான். இரண்டு இரவுப் பயணம். புறப்படுமுன் காய்ச்சிய பாலை ஃபிளாஸ்கில் ஊற்றி, மறுநாளும் குழந்தைக்குப் புகட்டுவது நம் வழக்கம். கூடாது என்பேன். வெதுவெதுப்பில் கிருமி பெருகும். திரியாமலே பால் கெட்டிருக்கும். ரயில்வேயிலேயே ஆயுளைக் கழித்த நானும் இதைச் செய்தவன்தான். நாக்பூரில் ஒரு வயதுப் பேரன் வாந்தி எடுக்க, பல்லார்ஷா வரும்வரை பட்ட பாடு!

ஃபிளாஸ்கில் கொதிநீர் மட்டும் போதும். வறுத்துப் பொடித்த அவலில் ஊற்றிக் குழைத்து, ஆறியதும் ஸ்பூனால் ஊட்டலாம். (ரயிலில் பால் பாட்டிலைச் சரியாகக் கழுவ முடியாது.) வாழைப்பழம் இருக்கவே இருக்கிறது.

ஆறு மாதம் ஆகாததற்குத் தாய்ப்பால் மட்டுமே. வெயிலுக்கென்று தண்ணீர்கூட வேண்டாம். அந்தத் தாய்க்குக் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுப்பது பெரியவர்கள் வேலை. என் மருமகள் மேல் பெர்த்தில் பால் கொடுக்க முடியாமல்தான் ஃபிளாஸ்கைத் திறந்தாள். முழங்கால் வலியென்று கீழே படுத்திருந்தவன் நான்.