டர்போவிடம் கஞ்சத்தனம்

தாம்பரம் சானடோரியம் நண்பர் தன் டர்போ காரை ட்யூனிங்குக்குக் கொடுத்தார். ‘பவர் ஏறணும், ஆனா மைலேஜ் குறையக் கூடாது!’ ட்யூன் பண்ணினவரும் பெட்ரோலைச் சுருக்கிக் கொடுத்துவிட்டார். வண்டலூர் தாண்டி ஓர் அழுத்து. இன்ஜினுக்குள் கோலிக்குண்டு குலுக்குகிற சத்தம். பிஸ்டனில் ஓட்டை!

1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரணமாகப் போகும்போது இந்தக் கணக்கு சரி. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும்போது உள்ளே சூடு எகிறும். அப்போது சுமார் 12 கிலோ காற்றுக்கே 1 கிலோ பெட்ரோல் கொடுக்கணும். உபரிப் பெட்ரோல் எரிவதற்கல்ல சார், ஆவியாகிக் குளிர வைக்க. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி மாதிரி! அதைப் பிடுங்கினால், தீ எட்டும் முன்பே கலவை தானாக வெடிக்கும்.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தே சொல்வார். கறுப்பு: பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளை: குறைச்சல். பிஸ்கட் கலர்: ‘எடுத்துட்டுப் போங்க சார்.’

நண்பர் இப்போது பீச் லோக்கலில்தான் ஆபீஸ் போகிறார். மைலேஜ் ஜோராக இருக்கிறதாம்.