மூட்டைக்குள் தங்கம்

ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்று கிராம் தங்கம். அரைப் பவுன்கூடத் தேறாது. 'இதுக்கா இவ்வளவு பாடு?' என்று வீட்டில் கேட்பார்கள். சுரங்கக்காரருக்கோ வாயெல்லாம் பல்!

கண்ணுக்கே தெரியாததை எப்படி அளப்பது? பாறையை மாவாக அரைத்து, ஈய ஆக்ஸைடு, சோடா, போராக்ஸ் கலந்து உலையில் உருக்குகிறார்கள். ஈயம் தங்கத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு அடியில் தங்கும். அதை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால் கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும். மிஞ்சுவது பொட்டு மாதிரி ஒரு மணி. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்துவிட்டு எடை போட வேண்டியதுதான். பல நூற்றாண்டுப் பழசு, இன்றும் செல்லுபடி.

இந்தப் பொட்டை நம்பித்தான் 'பிரெ-எக்ஸ்' என்ற கனடாக் கம்பெனியின் பங்கை ஜனம் அள்ளியது. போர்னியோ காட்டில், பூசாங் என்ற இடத்தில் தங்கமோ தங்கம் என்றார்கள். சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு எகிறி, 1996-ல் கம்பெனி மதிப்பு சுமார் 600 கோடி கனடா டாலர். ஆசிரியர்களின் பென்ஷன் பணம்கூட உள்ளே போயிற்று.

1997 மார்ச்சில் கம்பெனியின் ஜியாலஜிஸ்ட் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். ஒரு வாரத்தில் ஃப்ரீபோர்ட் கம்பெனி, பக்கத்திலேயே தான் போட்ட துளைகளில் தங்கம் இல்லாத குறைதான் என்றது. மே மாதம் குட்டு முழுசாக உடைந்தது. அரைத்த பாறையில் வேறெங்கோ கிடைத்த தங்கத் தூளைக் கலந்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆற்றில் உருண்ட தங்கம் மாதிரி ஓரம் மழுங்கிய துகள்கள்!

லேப் பொய் சொல்லவில்லை சார். பையில் இருந்ததைத்தான் அளந்தது. நான் பி.காம். ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தபோது கூட்டல் பார்த்து டிக் அடிப்பதில் சூரன். பில்லே போலி என்றால்? கூட்டல் அப்போதும் சரியாகத்தான் வரும்.

வழக்கமாக, துளையிட்டு எடுத்த பாறை உருளையை நீளவாக்கில் பிளந்து பாதியை லேபுக்கு அனுப்பி, மறுபாதியைப் பத்திரப்படுத்துவார்கள். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். பூசாங்கில் ஏறக்குறைய முழுசையும் அரைத்துவிட்டார்கள். அது ஒன்றே போதும், யாராவது 'ஏன்ப்பா?' என்று கேட்டிருக்கலாம். பங்கு ஏறும்போது எவன் கேட்பான்?

2001-ல் கனடா விதிகளை இறுக்கியது. இப்போதெல்லாம் தங்கமே இல்லாத வெறும் கல்தூளையும் பையோடு பையாகச் சொருகி லேபுக்கு அனுப்புகிறார்கள். அதிலும் தங்கம் 'வந்தால்' எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம்.

ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தரும் நண்பரிடம் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பங்கு இப்ப என்ன விலை?" என்றார்.